விசாரித்துவிட்டேன் என்று சொன்ன வாய்

ஜூன் 19, வியாழன்

மேட்டூர் திறந்து ஒரு வாரமாகிறது. புதாற்றுக் கால்வாயில் எங்கள் பக்கம் இன்னும் தண்ணீர் எட்டவில்லை. கடைமடைக்கு எல்லாமே கடைசியில்தான். இவர் மட்டும் தினமும் மதகு வரை போய்ப் பார்த்துவிட்டு, வெறுங்காலில் புழுதியோடு திரும்பி வருகிறார்.

அஞ்சலகத்துக்கு வீரையன் ஓடி வந்தார். கரண்ட்டைத் துண்டிக்கப் போவதாக அவர் போனுக்கு ஒரு செய்தி. இந்த எண்ணுக்கு உடனே பேசு என்று. அழித்துவிட்டேன். வரிசையில் நின்றவர்களுக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "யாரு கேட்டாலும் போன்ல வர்ற நம்பரச் சொல்லாதீங்க, முன்பின் தெரியாதவனுக்குக் காசு அனுப்பாதீங்க."

"போஸ்டம்மா இருக்குற வரைக்கும் நம்ம ஊரு காசு எங்கயும் போவாது" என்றார் வீரையன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜீவிதா திருச்சியிலிருந்து வந்திருக்கிறாள். ஆவணி 19 கல்யாணம். ஒரே மகள். போனில் ஒரு மேடைப் படம் காட்டினாள் — வாழைத்தண்டு வளைவு, நடுவில் தாமரை, பின்னால் மஞ்சள் விளக்கு. "பொன்னூஞ்சல்னு ஒருத்தங்கம்மா. மேடை, போட்டோ, வீடியோ எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க." எனக்கும் பிடித்துவிட்டது. என்னைவிட என் நாத்தனார்கள் பார்க்க வேண்டும் என்று தோன்றியது — அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

பொன்னூஞ்சல்காரரோடு பேசினேன். பெயர் ரோஷன். அலுவலகம் திருச்சியில் என்றார். வார்த்தைக்கு வார்த்தை 'அம்மா'. வீடியோ காலில் ஒரு மண்டபத்தைச் சுற்றிக் காட்டினார். இணையத்தில் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.

"ஒரு எட்டு நேர்ல போயிப் பாத்துட்டு வந்துடலாம்ல?" என்றார் இவர்.

"இப்பல்லாம் யாருங்க ஆபீஸத் தேடிப் போறா? எல்லாம் போன்லதான்" என்றேன். இவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்கிற மாதிரிதான் சொன்னேன்.

முன்பணம் அனுப்பியாயிற்று. அனுப்பும்போது கணக்கில் வேறு பெயர் வந்தது. எஸ். அய்யப்பன். கேட்டேன். "எங்க பார்ட்னர்மா, வரிக்காக அந்தக் கணக்குல வாங்குறோம்" என்றார். சரி என்றேன்.

ஜூன் 30, திங்கள்

நாகம்மாக்கா வந்திருந்தார். மல்லிப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் தெருக்களில் விற்பவர். மீன்பிடித் தடை முடிந்து இப்போதுதான் படகுகள் போகத் தொடங்கியிருக்கின்றன. கூடையை வாசலில் வைத்துவிட்டு, கையைத் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். அவருடைய மகள் வேதநாயகிக்கும் ஆவணியில்தான் கல்யாணம், எங்களுக்கு ஒரு வாரம் முன்னால்.

"மாப்ள வீட்டுல மேட நல்லா இருக்கணுங்குறாங்கம்மா. எனக்கு யாரத் தெரியும்? நீங்க யாருகிட்ட சொல்லியிருக்கீங்க?"

ரோஷன் எண்ணைக் கொடுத்தேன். "நான் நல்லா விசாரிச்சுட்டேன்க்கா. தைரியமா குடுங்க."

விசாரித்தேனா? போனில் பேசினேன். அதுவும் விசாரிப்புதானே.

போன வாரமே ரோஷன் சொல்லியிருந்தார்: இன்னொரு கல்யாணம் சேர்த்துவிட்டால் எங்களுக்கு டிரோன் வீடியோ இலவசம். அதை நாகம்மாக்காவிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? அவர்களுக்கும் நல்லதுதானே.

ஜூலை 4, வெள்ளி

நாகம்மாக்கா ஆர்.டி.யை முடித்துப் பணத்தை எடுத்து, அந்த நோட்டுகளை அப்படியே என் கையில் கொடுத்தார். என் போனிலிருந்து ரோஷனுக்கு அனுப்பினேன். "உங்க கையால போவட்டும்மா, ராசியான கை" என்றார்.

புதாற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

ரோஷன் இரண்டாம் தவணை கேட்டார். ஆவணியில் பூ விலை ஏறிவிடுமாம், இப்போதே தோட்டக்காரரிடம் பேசி வைக்க வேண்டுமாம். அனுப்பிவிட்டேன். இவரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 27, ஞாயிறு

சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

எங்கள் தபால்காரர் அப்சரின் மகளுக்கு இன்று பட்டுக்கோட்டையில் நிக்காஹ். நமக்குத்தான் ஆடியில் கல்யாணம் கிடையாது. தனியாகத்தான் போனேன். மேடை அழகாக இருந்தது. போட்டவள் ஷமீரா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். ஓரமாக நின்று பூக்கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுத்தேன். என் மகள் கல்யாணத்துக்கு இப்படித்தான் சொல்லியிருக்கிறோம் என்று போனில் அந்தத் தாமரை மேடையைப் பெருமையாகக் காட்டினேன்.

அவள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது நான் போட்ட மேடைங்க. நாச்சியார்கோயில் பக்கத்துல. இந்த ஓரத்துல பச்சச் சேலை, பாதி மொகம் தெரியுதுல்ல? அது எங்கம்மா. பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க."

மற்ற படங்களையும் காட்டச் சொன்னாள். அவற்றில் இன்னும் இரண்டு அவளுடையவை. "காசு எதும் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம்கூட என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

மண்டபத்துக்கு வெளியே வந்து ரோஷனைக் கூப்பிட்டேன். "அதெல்லாம் எங்க டீம் ஆளுங்கதாம்மா, அந்தப் பொண்ணு பொறாமையில சொல்லுது" என்றான். திருச்சி அலுவலகத்துக்கு நாளைக்கே வருகிறேன், முகவரி சொல்லுங்கள் என்றேன். "அனுப்புறேம்மா." அதோடு சரி. பஸ் ஏறும்போது அவன் படம் போனிலிருந்து மறைந்துவிட்டது. இப்போது கூப்பிட்டால் மணிகூட அடிக்கவில்லை.

ஏமாந்துட்டேன். நான். தினமும் ஊருக்குச் சொல்ற நான்.

நாகம்மாக்கா.

ஜூலை 28, திங்கள்

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அலுவலகம் போனேன். அவர் வந்தார். இலையில் மடித்து ஒரு கொடுவா மீன் கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே வைத்தார். காசு எடுத்தேன்.

"எம்மவ கல்யாணத்துக்கு வழி காட்டுனவங்க, உங்ககிட்ட காசு வாங்குவேனா?"

உதவித்தொகை வாங்க ஆட்கள் நின்றிருந்தார்கள். வீரையன் நின்றிருந்தார். எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது? தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

மீனைக் குழம்பு வைத்தேன். இவர் நன்றாக இருக்கிறது என்றார். நான் ரசம் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

நாகம்மாக்கா எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை.

ஜூலை 31, வியாழன்

இன்றும் இல்லை. அவர்கள் முன்பணம்தானே கொடுத்திருக்கிறார்கள், மீதிக்கு இன்னும் நாளிருக்கிறது, அதற்குள் நானே வேறு யாரையாவது ஏற்பாடு செய்து சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடலாம் — இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். யாருக்காக இந்தக் கணக்கு? அவர்களுக்காகவா? என் பேருக்காக.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

புதாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. பெண்கள் எல்லாரும் படித்துறையில் இருந்தோம். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி வைத்துப் படைத்து, ஜீவிதாவுக்குப் புது மஞ்சள் கயிறு கட்டிவிட்டேன். அப்போதுதான் போன் வந்தது.

நாகம்மாக்கா. குரலில் அத்தனை சந்தோஷம்.

"மீதியயும் எம்மவன் மதிவாணன் அனுப்பிட்டாம்மா. ஆடி முடியறதுக்குள்ள மொத்தமா கட்டுனா தள்ளுபடின்னு அந்த ரோஷன் தம்பி ஒரு வாரமா போன் மேல போன். நேத்துதான் படகு கரைக்கு வந்துச்சு. வந்த காசு எல்லாத்தயும் அனுப்பிட்டான். ஒரு வேல முடிஞ்சுதும்மா."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. 'சரிக்கா' என்று சொல்லியிருப்பேன்.

ஒரு வாரமாக. அப்படியென்றால் என் எண்ணைத் தடுத்த கையோடு அவர்களை அவசரப்படுத்தத் தொடங்கியிருக்கிறான். நான் வாய் திறக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரிந்திருக்கிறது.

ஒரு வாரம் என் கையில் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இவரிடம் சொன்னேன். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"போனது போவட்டும். நாகம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கிழம."

"நேத்தா?"

"அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழம."

குழாயை மூடினார். திட்டியிருக்கலாம். 'நேரில் போய்ப் பார்க்கலாம் என்று அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. "நாளைக்குக் காலைல போயிச் சொல்லிட்டு வா. நான் வரல. நீதான் சொல்லணும்" என்றார்.

ஜீவிதா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு மேடையே வேணாம்மா" என்று அழுதாள். "வேதா என்னம்மா பண்ணுவா?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மல்லிப்பட்டினம் போய்விட்டு வந்தேன்.

நாகம்மாக்கா வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுக்கப் போனார். வேண்டாம் என்று மணலிலேயே உட்கார்ந்தேன். அவருடைய மகன் மதிவாணனும் வீட்டில் இருந்தான். வேதநாயகி டீ போட உள்ளே போனாள்.

சொன்னேன். வரிசையாக எதையும் சொல்ல முடியவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னேன். டிரோன் விஷயத்தையும் சொன்னேன்.

மதிவாணன் எழுந்து நின்றான். "போஸ்டாபீஸ் அம்மா சொன்னாங்கங்குற ஒரே வார்த்தைக்குத்தான அனுப்புனேன்? அவன் மூஞ்சி எனக்குத் தெரியுமா? உங்க மூஞ்சிதான தெரியும்?"

நாகம்மாக்கா அவனைக் கையமர்த்தினார்.

"உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"அப்சர் வீட்டு நிக்காஹ் அன்னிக்கிக்கா."

அவர் நாளைக் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

"நீங்களும்தான் ஏமாந்திருக்கீங்க. அத நான் ஒண்ணும் சொல்லல" என்றார். "மறுநா நான் மீனு கொண்டாந்தேன்ல. வாங்கிக்கிட்டீங்களே."



முன்பணத்தை நானே கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். "குடுங்க" என்றார் உடனே. "அது நீங்க தெரியாம அனுப்புனது. மீதி, உங்களுக்குத் தெரிஞ்சப்புறம் போனது. அதுக்கு என்னத்தக் குடுப்பீங்க?"

வேதநாயகி கொண்டுவந்து வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் குடிக்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு, மல்லிப்பட்டினத்திலிருந்து திரும்பிய அன்றே போன் செய்து புகார் பதிந்திருந்தேன். இன்று தஞ்சாவூரில் சைபர் கிரைம் அலுவலகம். மதிவாணனும் வந்தான். பஸ்ஸில் இடமிருந்தும் எனக்கு முன்னால் நின்றுகொண்டே வந்தான்.

அந்தப் பெண் அதிகாரி எங்கள் இருவர் போனையும் பார்த்தார். மதிவாணன் கடைசியாக அனுப்பியதில் ஒரு பகுதி இன்னும் அந்தக் கணக்கில் கிடக்கிறதாம், முடக்கிவிட்டார்கள். என்னுடையது எப்போதோ கைமாறிவிட்டது.

"தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருந்தா இவரு அனுப்பியிருக்கவே மாட்டாரு" என்றார் என்னிடம். "இந்தாளு மேல இதுவரைக்கும் ஒரு புகாரும் இல்ல. நீங்க ரெண்டு பேரு மட்டுந்தான் ஏமாந்திருப்பீங்களா? இருக்காது. யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. அதான் அவனுக்கு வசதி."

மதிவாணன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று காலை கூட்டம் சேரும் வரை காத்திருந்து, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். என் மகள் கல்யாணத்துக்கு மேடை போடுகிறேன் என்று ஒருவன் ஏமாற்றினான்; நேரில் பார்க்காமல், அவன் வேலை செய்த ஒரு வீட்டிலும் விசாரிக்காமல் பணம் அனுப்பினேன்; நாகம்மாக்காவையும் இழுத்துவிட்டேன்; தெரிந்த பிறகும் ஒரு வாரம் மறைத்தேன். இதுதான் அவன் எண், இதுதான் கணக்கில் வந்த பெயர்.

மறைத்தேன் என்பதை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. விடவில்லை.

"நீங்களேவாம்மா?" என்றார் வீரையன். வேறொன்றும் இல்லை. அந்த 'ஏ' இன்னும் காதில் கிடக்கிறது.

பின்வரிசையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

பிரகதாம்பாள் டீச்சர் வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எழுந்து நின்று பேசும் ஆள். எல்லாரும் போன பிறகு வந்து, கதவைப் பாதி சாத்தினார்.

போன வருஷம் அவர் கணவருக்குத் திருக்கடையூரில் எழுபதாம் கல்யாணம். அறை, சாப்பாடு, மேளம், வீடியோ எல்லாம் ஏற்பாடு செய்கிறேன் என்று போனிலேயே ஒருவன் பணம் வாங்கியிருக்கிறான். உறவுக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், அங்கே அப்படி ஒரு ஆளே இல்லை.

"ஏற்பாடு மாறிப்போச்சுன்னு சொல்லி சமாளிச்சேன். என் பையனுக்கே இன்னும் தெரியாது, அனுசுயா" என்றார். "நீ அன்னிக்குச் சொன்ன பேரு... எஸ். அய்யப்பன். எனக்கும் அதே பேருதான் வந்துச்சு."

டீச்சர் அன்றே புகார் கொடுத்திருந்தால் நான் தப்பித்திருப்பேனே என்று ஒரு கணம் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன தகுதி?

வெள்ளிக்கிழமை இருவரும் தஞ்சாவூர் போகிறோம். விடுமுறை நாளாயிற்றே என்றேன். போலீசுக்கு ஏது லீவு என்றார் டீச்சர்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஷமீராவைத் தேடிப் பட்டுக்கோட்டை போனோம், இவரும் நானும். அன்று அவளிடம் பொய் சொன்னதை முதலில் சொன்னேன். "தெரியுங்க. நீங்க போனக் கையில பிடிச்சிருந்த விதத்துலயே தெரிஞ்சுது" என்றாள். ஆவணிக்கு எல்லா நாளும் பேசி முடித்துவிட்டதாகவும், ஆனாலும் எங்களுக்குச் சின்னதாக ஒன்று போட்டுத் தருவதாகவும் சொன்னாள். முன்பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "மொதல்ல நான் போட்ட ரெண்டு வீட்டுக்குப் போயிக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் குடுங்க."

போய்க் கேட்டோம்.

வேதநாயகிக்கு மேடை போட ஷமீராவுக்கு நாளில்லை. நாளிருந்தாலும் நாகம்மாக்கா என் மூலமாக வந்ததை ஏற்றிருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வேதநாயகி கல்யாணம். பத்திரிகை முன்பே வந்திருந்தது. போவதா வேண்டாமா என்று காலை வரை குழப்பம். போனேன்.

மதிவாணனோடு படகுக்குப் போகிறவர்கள் சேர்ந்து மேடை கட்டியிருந்தார்கள். தென்னங்குருத்துத் தோரணம், வாடகைக்கு எடுத்த நீலத் துணி. துணி ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு அம்மாள், "மேட பெருசா இருக்கும்னாங்களே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நாகம்மாக்காவுக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை. நான் அந்த அம்மாளிடம் போய், "அவங்க மேல தப்பில்லங்க. நான் காட்டுன ஆளு ஏமாத்திட்டான்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓ, அது நீங்கதானா?" என்றார்.

ஆமாம். நான்தான்.

தாலி கட்டியதும் கிளம்பினேன். நாகம்மாக்கா எதிரில் வந்தார். "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். எப்போதும் கடைசியில் வரும் அந்த 'ம்மா' இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று ஜீவிதா கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மேடை சின்னதுதான். நாத்தனார்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கவனிக்கவே இல்லை. இப்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. நாகம்மாக்கா வரவில்லை. வேதநாயகி மட்டும் புருஷனோடு வந்து, ஜீவிதா கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆள் அகப்பட்டுவிட்டான் என்று தகவல். ரோஷனும் அவன்தான், அய்யப்பன் என்ற பெயரில் கணக்கு வைத்திருந்ததும் அவனேதானாம். எங்களுக்குப் பிறகு இன்னும் ஏழெட்டுப் பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள். மதிவாணனுடைய முடக்கிய பணம் கோர்ட் வழியாக வருமாம். எப்போது என்று தெரியாது.

நாகம்மாக்கா மீன் விற்க வருகிறார். எங்கள் தெருவுக்கும் வருகிறார். அலுவலகத்துக்குள் மட்டும் வருவதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று நாகம்மாக்கா அலுவலகத்துக்கு வந்தார். கூட அவருடைய நாத்தனார் கண்ணாத்தாள். அவர் மகளுக்குத் தையில் கல்யாணம். பேராவூரணியில் ஒரு சமையல்காரர் குறைந்த விலைக்குச் செய்கிறேன் என்கிறாராம், பாதிப் பணத்தை இப்போதே கேட்கிறாராம்.

"என்ன செய்யலாம்?" என்று கண்ணாத்தாள்தான் கேட்டார். நாகம்மாக்கா வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியலங்க" என்றேன். "நாளைக்கு லீவுதான். போயிப் பாப்போம்."

இன்று போனோம், மூன்று பேரும். சமையல்காரர் வீட்டைக் கண்டுபிடித்தோம். எங்கெங்கே சமைத்தார் என்று கேட்டு, அதில் இரண்டு வீடுகளுக்கு நடந்து போனோம். ஒரு வீட்டில் நல்லபடியாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில், சாப்பாடு நன்றாக இருந்தது, ஆனால் கடைசிப் பந்திக்குச் சாம்பார் பற்றவில்லை என்றார்கள். திரும்பி வந்து நாகம்மாக்கா அதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். சமையல்காரர் நெளிந்தார். அப்புறம், சொன்னதைவிட நூறு பேர் கூட வந்துவிட்டார்கள் என்று விளக்கினார். பாதிப் பணம் இப்போது தர முடியாது, சாமான் வாங்கும் அன்றைக்குத் தருகிறோம் என்று நாகம்மாக்கா பேசி முடித்தார். நான் வாயே திறக்கவில்லை.

கிளம்பும்போது சமையல்காரர் என்னைக் காட்டி, "இவங்க பொண்ணு வீட்டுக்கு என்ன ஒறவு?" என்று கேட்டார்.

நாகம்மாக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்களோட சேந்து ஏமாந்தவங்க."

பஸ் நிறுத்தம் வரை அவருக்குப் பின்னாலேயே நடந்தேன். 'இவங்களால ஏமாந்தோம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.